மச்சான் விட்டுப்போன படகு

என் மனைவியின் அண்ணன் இங்கிலாந்திலிருந்து டென்மார்க்குக்குப் படகில் வரப்போவதாகச் சொன்னபோது, கார்களை ஏற்றிக்கொண்டு வரும் பெரிய கப்பல் ஒன்றில் வருகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்படியொரு கப்பல் இப்போது ஓடுவதில்லை என்பதுகூட எங்களுக்கு ஞாபகம் வரவில்லை. எந்தத் துறைமுகத்துக்குக் காரைக் கொண்டுவர வேண்டும் என்று மனைவி கேட்டாள். "ஒருத்தரும் வரத் தேவையில்லை பிள்ளை, நான் உங்கடை ஊருக்கே வாறன்" என்று அவர் சிரித்தார்.

சொன்னபடியே வந்தார். வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹோர்சன்ஸ் குடாவின் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய படகுத்துறைக்கு எங்களை வரச் சொல்லியிருந்தார். நாங்கள் போய் நின்றபோது பாய் சுருட்டிய வெள்ளைப் படகு ஒன்று மெல்ல உள்ளே வந்தது. பின்பக்கத்தில் பிரிட்டிஷ் படகுகளின் சிவப்புக் கொடி. மச்சான் தடித்த மழைச்சட்டை போட்டுக்கொண்டு சுக்கானைப் பிடித்தபடி நின்றார். கூட வந்த ஆங்கிலேய நண்பர் கயிற்றை என்னை நோக்கி எறிந்தார். அது என் தோளில் பட்டுத் தண்ணீருக்குள் விழுந்தது. இரண்டாம் முறையும் நான் அதைப் பிடிக்கவில்லை. கடைசியில் பக்கத்துப் படகில் இருந்த ஒரு டெனிஷ் முதியவர்தான் வந்து பிடித்துக் கட்டினார்.

படகின் பின்புறத்தில் என் மாமியாரின் பெயர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைக் கண்டதும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மச்சான் கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. தகப்பன் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். இவர் இங்கிலாந்தின் தென்கரைப் பட்டினம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டினார். அவருடைய மனைவி, எங்கள் மச்சாள், புற்றுநோயில் இறந்த பிறகு வீட்டில் தனியே இருக்கப் பிடிக்காமல் ஏதாவது படிக்கலாம் என்று போயிருக்கிறார். மாலை வகுப்புகளில் சமையலுக்கும் ஸ்பானிஷ் மொழிக்கும் இடம் இல்லை, பாய்ப்படகு ஓட்டும் வகுப்பில் மட்டும் இடம் இருந்தது. அப்படித்தான் தொடங்கினார். நீந்தக்கூடத் தெரியாத மனிதர். ஐந்தாறு வருடத்தில் சான்றிதழ்கள் எடுத்து, பழைய படகு ஒன்றை வாங்கி, ஒரு முழுக் குளிர்காலம் அதைச் சுரண்டிப் பூசி, தாயின் பெயரையும் வைத்துவிட்டார்.

அவர் வந்ததற்கு ஒரே காரணம் என் மனைவி. அவளுக்கு இருக்கும் ஒரே சகோதரம் அவர்தான். எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன வீடு எடுத்துக் கடைசிக் காலத்தை இங்கே கழிக்கலாம் என்பது அவருடைய பழைய திட்டம். அந்தத் திட்டத்துக்குக் குறுக்கே பிரெக்சிற் வந்தது, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு இங்கே வந்து குடியிருக்க முடியாது. ஆறு மாதத்துக்குள் தொண்ணூறு நாள் தங்கலாம், பிறகு போக வேண்டும். சரி, தொண்ணூறு நாள் படகில் இருக்கிறேன், பிறகு விமானத்தில் போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று அவர் கணக்குப் போட்டார்.

படகுக்கு வேறு சட்டம். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வந்த படகு பதினெட்டு மாதம் வரி கட்டாமல் இங்கே நிற்கலாம். அதற்குள் ஒரு தடவை வெளியே போய் வந்துவிட்டால் மறுபடி புதிதாக எண்ணத் தொடங்குவார்கள். அதை அவர் எங்களுக்கு விளக்கியபோது என் மனைவி கேட்டாள், ஒரு படகுக்குக்கூட ஒன்றரை வருடம் கிடைக்கிறது, உங்களுக்கு மூன்று மாதம்தானா என்று. அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

அந்த முதல் கோடையில்தான் அவர் எனக்கு அந்த விஷயத்தைச் சொன்னார். நாங்கள் இருவரும் படகின் பின்பக்கத்தில் இருந்து மீன் பொரியலோடு பியர் குடித்துக்கொண்டிருந்தோம். எந்த நாசமாய்ப் போனவன் இந்தப் பிரெக்சிற்றைக் கொண்டுவந்தானோ என்று நான் பொதுவாகச் சொன்னேன். அவர் பியர் போத்தலைக் கீழே வைத்தார்.

"நானும் வெளியேறத்தான் வோட்டுப் போட்டனான் மச்சான்."

நான் நம்பவில்லை. பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

"உண்மையா. நாங்கள் விசாவுக்கும் அகதிக் கேஸுக்கும் எத்தினை வருசம் அலைஞ்சனாங்கள்? ஐரோப்பாக்காரர் சும்மா வந்து இறங்கினாங்கள். டிப்போவிலை எல்லாரும் அப்பிடித்தான் கதைச்சது. அப்ப எனக்கும் அது சரியாத்தான் பட்டது."

அவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. தங்கச்சிக்குச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. ஆனால் அதே கோடையின் முடிவில் அவரே வாய் தவறி எங்கள் மகளிடம் சொல்லிவிட்டார். மகளிடம் சொன்னால் மனைவிக்குச் சொன்ன மாதிரித்தான்.

முதல் குளிர்காலத்துக்காகப் படகைக் கிரேன் வைத்துத் தூக்கிக் கரையில் நிறுத்திவிட்டு விமானத்தில் இங்கிலாந்து திரும்பினார். அந்த வருடம் இன்சூரன்ஸ் பத்திரம் சரியாக இருந்தது. படகுத்துறைப் பொறுப்பாளர் அதை வாங்கிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, நல்வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். அந்தப் பத்திரத்தை அப்போது நான் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த கோடையில் எங்கள் மூவருக்கும் நல்ல நாட்கள் கிடைத்தன. மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். காலை வேலை முடிந்ததும் சோறும் கறியும் கட்டிக்கொண்டு நேரே படகுத்துறைக்குப் போய்விடுவாள். நான் ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் பெட்டி தூக்கும் ட்ரக் ஓட்டுகிறவன், மாலையில்தான் போய்ச் சேருவேன். ஒரு நாள் குடாவின் வாயில் இருக்கும் சின்னத் தீவுக்கு மூவரும் போய் வந்தோம். நான் கடல் ஒத்துக்கொள்ளாமல் போகும்போதும் வரும்போதும் சத்தி எடுத்தேன். மனைவி சுக்கானைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் சொல்லச் சொல்லத் திருப்பினாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. காற்றில் தலைமயிர் பறக்க, செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணனை விடச் சத்தமாகச் சிரித்தாள்.

தான் இல்லாத நேரம் படகை நாங்கள் ஓட்டக்கூடாது என்று மச்சான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்களுக்கு ஓட்டத் தெரியாது என்பதால் அல்ல. டென்மார்க்கில் குடியிருக்கிறவர் ஓட்டினால் அது இறக்குமதி செய்த பொருள் ஆகிவிடுமாம். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

புரட்டாசி பிறந்ததும் படகை இங்கிலாந்துக்கு ஓட்டிப் போய், பதினெட்டு மாதக் கணக்கைப் புதுப்பித்துக்கொண்டு, இளவேனிலில் திரும்பி வருவது திட்டம். கூட வர அந்த ஆங்கிலேய நண்பர் விமான ரிக்கற்றும் போட்டுவிட்டார். ஆவணி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் மனைவி சாப்பாட்டோடு போனபோது மச்சான் படகின் உள்ளே கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்தார். கண் திறந்திருந்தது. அவளைக் கண்டதும் ஏதோ சொல்ல முயன்றார். சத்தம் மட்டும்தான் வந்தது.

பாரிசவாதம். வலது கை, வலது கால், பேச்சு. ஹெலிகொப்டரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிறகு ஹோர்சன்ஸுக்கு மாற்றினார்கள். அங்கே எல்லாரும் தங்களால் ஆனதைச் செய்தார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆபத்து நீங்கியதும் நீண்ட காலப் பயிற்சியும் பராமரிப்பும் அவருடைய சொந்த நாட்டில்தான் என்றார்கள். இத்தனை வருடமாக டெனிஷ் முதியவர்களைத் தூக்கி இருத்தி, குளிக்கவார்த்து, ஊட்டிவிடுகிறவள் என் மனைவி. தன் வீட்டு அறையில் வைத்துத் தானே பார்க்கிறேன் என்று கேட்டாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்கு அனுமதி எடுக்க வேண்டும், அதற்குப் பல மாதம் ஆகும், கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அதுவரை பயிற்சி தொடங்காமல் இருக்க முடியாது என்றார்கள். லண்டனிலிருந்து மச்சானின் மகன் வந்தான். தாதி ஒருவரோடு விமானத்தில் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனான். மனைவி விமான நிலையக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் அவளைக் கூப்பிட்டேன், வரவில்லை. பிறகு தானாக வந்தாள்.

படகு தண்ணீரில் நின்றது.

ஐப்பசியில் படகுத்துறைப் பொறுப்பாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஆறடிக்கு மேல் உயரமான, மெல்லப் பேசும் மனிதர். மச்சானுக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டார். பிறகு படகின் இன்சூரன்ஸ் புதுவருடத்தோடு முடிகிறது, புதிய பத்திரம் வேண்டும், மூன்றாம் ஆளுக்கு வரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ் இல்லாத படகு எதுவும் இந்தத் துறையில் நிற்க முடியாது என்றார். அதற்கென்ன, புதுப்பிக்கலாம் என்று நானும் இலேசாகச் சொன்னேன்.

மச்சானின் மகன், எனக்கு மருமகன் முறையானவன், இங்கிலாந்துக் கம்பனிக்குத் தொடர்பு எடுத்தான். அவர்கள் மறுத்துவிட்டார்கள். உரிமையாளர் படகோடு போய் வருகிறவராக இருந்தால் பரவாயில்லை, இப்போது படகு நிரந்தரமாக ஐரோப்பாவில் நிற்கிறது, பிரெக்சிற்றுக்குப் பிறகு அப்படியான படகுகளைத் தாங்கள் எடுப்பதில்லை என்றார்கள். அடுத்த கம்பனியும் அதையே சொன்னது. அவன் வேலைக்கும் தகப்பனின் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தவன். "மாமா, நீங்கள் அங்கை ஒருக்கா கேட்டுப் பாருங்கோ" என்று பொறுப்பை என்னிடம் தந்தான்.

நான் சமையலறை மேசையில் இருந்து டெனிஷ் கம்பனிகளுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினேன். பகலில் வேலை இடைவேளையில் களஞ்சியத்தின் பின்வாசலில் நின்று எடுப்பேன். எங்கும் மரியாதையான குரல்கள்தான். உரிமையாளர் டென்மார்க்கில் பதிவானவரா என்று கேட்பார்கள். இல்லை என்பேன். படகு டெனிஷ் படகா? இல்லை. அப்படியானால் மன்னிக்கவும். ஒரு கம்பனியில் இருந்த பெண் மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேட்டாள். படகை என் பெயருக்கு மாற்றினால் யோசிக்கலாம், ஆனால் படகு பழையது என்பதால் நிபுணர் ஒருவர் அடிப்பாகத்தைப் பார்த்து அறிக்கை தர வேண்டும், அதற்குப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும் என்றாள்.

தூக்குவதற்குக் கிரேன்காரரிடம் போனேன். போன வருடம் தூக்கிய அதே ஆள்தான். தனக்கு நேரம் கிடைப்பது புதுவருடத்துக்குப் பிறகுதான், அப்போது இன்சூரன்ஸ் இல்லாத படகைத் தொடமாட்டேன் என்றார். தூக்கும்போது விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இன்சூரன்ஸ் எடுக்கத்தான் தூக்கச் சொல்கிறேன் என்று நான் சொல்ல, அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அது விளங்குது" என்று டெனிஷில் சொன்னார்.

என் பெயருக்கு மாற்றுவதும் நடக்கவில்லை. சுங்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். நான் இங்கே குடியிருப்பவன், என் பெயருக்கு வந்த அந்த நிமிடமே படகு இறக்குமதி ஆகிவிடும், அதற்கு வரி, பிறகு ஐரோப்பியத் தரச் சான்று. இந்தக் கரைச்சலை எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தாலும், மாற்றிக் கொடுக்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும். மச்சானால் பேனாவைப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் எதற்குப் போடுகிறார் என்று அவருக்குத் தெரியுமா என்று எந்த வைத்தியரும் உறுதி சொல்லத் தயாரில்லை. தனக்காகக் கையெழுத்துப் போடும் அற்றோணி உரிமையை மகனுக்கு அவர் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அதை நீதிமன்றம் மூலமாக எடுக்க வேண்டும், அங்கே மாதக் கணக்கில் வரிசை. படகுக்கு உரிமையாளர் இருந்தார், ஆனால் அதன் சார்பில் ஒரு சொல் சொல்ல ஒருவரும் இல்லை.

பதினெட்டு மாதமும் அதற்குள் முடிந்தது. வைத்தியச் சான்றிதழைக் காட்டியதும் சுங்கத்தில் கொஞ்சக் காலம் நீட்டித் தந்தார்கள். நான் நன்றி சொன்னபோது, அந்த அதிகாரி இப்படிப் பல படகுகள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன என்றார். யார் யாருடையவை என்று கேட்க வேண்டும் போலிருந்தது, கேட்கவில்லை.

மார்கழியில் ஓர்ஹூஸ் நகரிலிருந்து மகள் வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் நான் அன்றைய தொலைபேசிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு டெனிஷில் சொன்னாள், "மாமாவே இதற்குத்தானே வாக்களித்தார்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். மனைவி கையிலிருந்த கரண்டியை வைத்தாள்.

"ஓம். அவர் வோட்டுப் போட்டவர். அதுக்காக வாய் பேசாமல் கிடக்கட்டும் எண்டு சொல்லுறியா?"

மகள் இல்லை இல்லை என்று எழும்பித் தாயைக் கட்டிப்பிடித்தாள். மனைவி அழவில்லை. சோறு ஆறுகிறது, சாப்பிடுங்கோ என்றாள். நாங்கள் சாப்பிட்டோம்.

எனக்கு அந்த நாட்களில் யாரோடாவது சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. கோபப்பட ஒருவரும் அகப்படவில்லை. எல்லாரும் தங்கள் தங்கள் விதியை எனக்கு அமைதியாக வாசித்துக் காட்டினார்கள், எல்லாருடைய விதியும் சரியாகவே இருந்தது. களஞ்சியத்தில் ஒரு பெட்டி தவறான தட்டில் இருந்தால் அதை எடுத்துச் சரியான தட்டில் வைத்துவிடுவேன், என் வேலையே அதுதான். இந்தப் படகை எடுத்து வைக்க ஒரு தட்டு எங்கும் இல்லை.

புதுவருடம் பிறந்ததும் இன்சூரன்ஸ் முடிந்தது. பொறுப்பாளர் உடனே எதுவும் செய்யவில்லை. மற்றப் படகுகளிலிருந்து விலக்கி, துறையின் கடைசி முனையில் தனியாகக் கட்டச் சொன்னார். முதல் நாள் எங்கள் கயிற்றைப் பிடித்த அந்த முதியவரும் நானும் மகளின் கணவனும் கயிற்றில் இழுத்து இழுத்தே அதை அங்கே கொண்டுபோனோம். இயந்திரத்தைப் போடவில்லை. போட்டால் நான் ஓட்டியதாகிவிடுமோ என்ற பயம் எனக்கு.

தை மாதத்தில் கிழக்கிலிருந்து பெருங்காற்று வரப்போவதாக வானொலியில் எச்சரித்தார்கள். கிழக்குக் காற்று என்றால் கடல் குடாவுக்குள் ஏறிவிடும். நான் வேலையில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு போனேன். மனைவி அங்கே முன்பே நின்றாள். நடைபாதைப் பலகைகளுக்கு மேலால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் ஏற ஏறக் கயிறுகள் இறுகின. அவற்றைத் தளர்த்திக் கட்ட வேண்டும் என்று முதியவர் காற்றில் கத்தினார். முழங்கால் அளவு குளிர் தண்ணீரில் நின்று அவர் காட்டிய முடிச்சைப் போட்டேன், அவிழ்ந்தது, மறுபடி போட்டேன். படகு ஒவ்வொரு அலைக்கும் உயர்ந்து தூணில் இடித்தது. அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது.

இது உடைந்து பக்கத்துப் படகுகளில் மோதினால் என்ன நடக்கும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. மனைவி கரையில் நின்று, இடிபடாமல் நடுவில் தொங்கவிடும் ரப்பர் பந்துகளைக் கயிற்றில் கட்டித் தந்துகொண்டே இருந்தாள். தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வெளிச்சம் மங்குவதற்குள் காற்றுத் தணிந்தது. படகின் ஒரு பக்கம் நீளமாக உராய்ந்து, உள்ளே இருந்த கண்ணாடிநார் தெரிந்தது. வேறு எந்தப் படகுக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதியவர் தன் காரிலிருந்து கோப்பி கொண்டுவந்து தந்தார். சும்மா தந்தால் இந்தப் படகைத் தானே எடுத்துத் திருத்துவேன் என்றார். சும்மா தருவதும் இறக்குமதிதான் என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு படகுத்துறை நிர்வாகக் குழு கூடியது. பனி கரைந்ததும் படகு வெளியேற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பொறுப்பாளர் நேரே வீட்டுக்கு வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போடாமல் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்.

பங்குனியில் மருமகனுக்கு நீதிமன்ற உத்தரவு கிடைத்தது. இனி தகப்பனின் சொத்து விஷயங்களில் அவன் கையெழுத்துப் போடலாம். கிடைத்த அன்றே எனக்கு எடுத்தான். யோசித்துப் பார்த்தேன் மாமா, அங்கேயே உடைத்துவிடச் சொல்லுங்கோ என்றான். கொண்டுபோவதென்றால் அந்த ஓட்டத்துக்கு இன்சூரன்ஸ் வேண்டும், அடிப்பாகம் பார்க்காமல் யாரும் தரமாட்டார்கள், அங்கே போனாலும் நிறுத்த இடமில்லை, ஓட்ட ஆளில்லை. அவன் சொன்ன ஒவ்வொன்றும் நான் குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவைதான். ஆனாலும் மாமியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் அவனிடம் சொன்னேன்.

மனைவி ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணையிடம் கேட்காமல் உடைக்கக்கூடாது என்றாள். அது அவருடையது, அதில் எங்கள் அம்மாவின் பெயர் இருக்கிறது என்றாள்.

மருமகன் பராமரிப்பு இல்லத்துக்குப் போய் அலைபேசியைத் தகப்பனின் முகத்துக்கு முன்னால் பிடித்தான். மச்சான் மெலிந்துபோயிருந்தார். யாரோ நன்றாகத் தலை வாரிவிட்டிருந்தார்கள். தங்கையைக் கண்டதும் இடது பக்க வாய் சிரித்தது. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்திருந்தது என்று மருமகன் முன்பே சொல்லியிருந்தான்.

மனைவி கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, படகுக்கு இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை, துறையில் வைத்திருக்க விடமாட்டார்கள் என்று மெல்ல மெல்ல விளக்கினாள். அவர் அவளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, படகை உடைக்கிறதுக்குக் குடுக்கட்டோ?"

"ஓம்" என்றார்.

மருமகன் ஆறுதலாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மனைவி அடுத்ததையும் கேட்டாள்.

"இல்லாட்டி வைச்சிருக்கட்டோ? நீங்கள் சுகமாகி வாற மட்டும்?"

"ஓம்."

"அண்ணை, நான் ஆர் எண்டு தெரியுதோ?"

"ஓம், ஓம்" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, இடது கையைத் திரையை நோக்கி நீட்டினார். மருமகன் தலையைத் திருப்பிக்கொண்டான். மனைவி படகைப் பற்றி வேறு ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள், காலில் வீக்கம் இருக்கோ என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் அதே பதில் வந்தது.

அலைபேசியை வைத்த பிறகு அவள் என்னிடம் சொன்னாள், "குடுங்கோ. என்னாலை இனி ஏலாது."

பழைய படகுகளை உடைக்கும் ஒரு நிறுவனம் வந்தது. தூக்குவதற்கும் இழுப்பதற்கும் அவர்களிடம் சொந்த இன்சூரன்ஸ் இருந்தது. உடைப்பதற்காகத் தூக்குவது சுகம், காப்பாற்றுவதற்காகத் தூக்குவதுதான் கஷ்டம் என்பதை அன்று கண்டேன். சுங்கத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். இறக்குமதியாகாமல் அழிக்கப்படுகிறது என்பதை யாராவது கண்ணால் பார்க்க வேண்டுமாம். என் மகளின் வயதுதான் இருக்கும். மனைவியிடம் கை கொடுத்து, இது வருத்தமான விஷயம் என்றார்.

மச்சானின் பொருட்களை நாங்கள் முதல் நாளே இறக்கியிருந்தோம். போர்வை, இரண்டு சட்டி, கண்ணாடி, மிளகாய்த்தூள் போத்தல், மச்சாளின் படம். மனைவி வீட்டில் இருக்கட்டும் என்று நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. பாய்மரத்தை முதலில் கழற்றி எடுத்தார்கள். பிறகு பட்டைகளைப் போட்டுத் தூக்கினார்கள். முதல் தடவையாக அதன் அடிப்பாகத்தை நாங்கள் முழுசாகப் பார்த்தோம். பாசி பிடித்திருந்தது. கிரேன் ஓட்டியவர் இறங்கிவந்து கையால் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லாத நல்ல அடி என்று எங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். நான் அவரை அந்தப் பேச்சை விடச் சொல்லிக் கையைக் காட்டினேன். மனைவி கேட்டுவிட்டாள்.

லொறியில் ஏற்றித் தங்கள் உடைக்கும் முற்றத்துக்குக் கொண்டுபோய், நாங்களும் பின்னால் போய் நிற்க, அன்று மத்தியானமே அறுக்கத் தொடங்கினார்கள். பெயர் எழுதிய துண்டு வேண்டுமா என்று ஒருவர் கேட்டார். நான் வேண்டும் என்று சொல்ல வாயெடுக்க, மனைவி வேண்டாம் என்றாள். வீட்டில் கொண்டுவந்து எங்கே வைக்கிறது என்று கேட்டாள். எனக்கு ஒரு இடமும் தோன்றவில்லை.

இப்போது வருடத்தில் இரண்டு முறை நாங்கள் இங்கிலாந்துக்குப் போகிறோம். அதற்கும் முன்கூட்டியே அலைபேசியில் அனுமதி எடுக்க வேண்டும். மகள் எடுத்துத் தருகிறாள். பராமரிப்பு இல்லத்தில் மச்சானைப் பார்த்துக்கொள்கிறவள் கேரளத்திலிருந்து வந்த ஒரு பெண். அன்பானவள். அவள் ஊட்டுவதை மனைவி பக்கத்தில் நின்று கவனமாகப் பார்ப்பாள். போன முறை, கரண்டியைத் தா, நான் ஊட்டிவிடுகிறேன் என்று கேட்டாள். புரைக்கேறினால் பிரச்சினை, பயிற்சி பெற்ற ஊழியர்கள் மட்டுமே ஊட்டலாம் என்று அந்தப் பெண் சங்கடத்தோடு சொன்னாள். மனைவி தானும் இதே வேலைதான் செய்கிறேன், பல வருடமாகச் செய்கிறேன் என்று சொல்லவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, அண்ணனின் சட்டையில் சிந்தியிருந்ததைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பார்வையாளர் நேரம் முடியும்வரை அவருடைய உணர்வில்லாத வலது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். நான் யன்னல் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.